ஒட்டகத்தைக் கட்டாத இரவு



வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. சென்ற வாரம் ஒரு மாலை, மழைக்காலத்திற்கென வீட்டில் எவற்றையெல்லாம் எடுத்து வைக்க வேண்டும் என்று மக்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். குடிநீர், மருந்து, தீப்பெட்டி, டார்ச் விளக்கு என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டு வந்தபோது, பின்வரிசையிலிருந்து பத்து வயதுப் பிள்ளை ஒருவன் எழுந்தான். அவனுடைய வாப்பா ரியாதில் பணிபுரிகிறார்.

“ஹஜ்ரத், அல்லாஹ் மேல தவக்குல் வச்சாப் போதும்னு போன வாரம் சொன்னீங்களே. அப்புறம் டார்ச் லைட்டு எதுக்கு?”

வகுப்பே சிரித்தது. நம்மால் சிரிக்க இயலவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்புவதா, கட்டாமலேயே நம்புவதா என்று வினவியவருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தந்த விடை திர்மிதியில் பதிவாகியிருக்கிறது. முதல் கட்டி வை, பிறகு நம்பு என்பதே அதன் கருத்து. அதைச் சொல்லி அவனை அமர்த்தினோம். அவனும் தலையாட்டிவிட்டு அமர்ந்துகொண்டான். ஆனால் இதே கேள்வி 2018-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் இரவு நம்மிடம் கேட்கப்பட்டபோது நாம் சொன்ன விடை வேறு. அதைப் பற்றி இதுவரை எங்கும் எழுதியதில்லை. அந்தப் பிள்ளை கேட்ட பிறகு எழுதாமலிருப்பது சரியன்று என்று தோன்றியது.

நம் ஊர் பட்டுக்கோட்டைக்கும் முத்துப்பேட்டைக்கும் இடையில், கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே அமைந்த சிற்றூர். தென்னந்தோப்புகளே ஊரின் வருமானம். அதற்கு அடுத்தது வளைகுடாவிலிருந்து வரும் பணம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாக் நீரிணையின் பக்கம் ஒதுங்கியிருக்கும் நம் கரையிலோ அலையின் வேகம் குறைந்திருந்தது. முத்துப்பேட்டை அலையாத்திக் காடு காப்பாற்றியது என்றும் பெரியவர்கள் சொன்னார்கள். எப்படியோ, நம்மைக் கடல் தொடாது என்றொரு எண்ணம் ஊருக்குள் வேரூன்றிவிட்டது. 1952 புயலையும் 1977 புயலையும் நேரில் கண்ட முதியவர்கள் மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நம் வாப்பா அவர்களுள் ஒருவர். காற்றுக்கு அலையாத்தியும் தெரியாது, ஆளையும் தெரியாது என்பார்.

ஆழிப்பேரலைக்கு முன்னறிவிப்பு ஏதும் இருக்கவில்லை. கஜா அப்படி வரவில்லை. அது வங்கக் கடலில் உருவான நாள் முதலே வானிலை ஆய்வு மையம் அதன் போக்கைச் சொல்லிக்கொண்டிருந்தது. கைப்பேசிக்குக் குறுஞ்செய்திகள் வந்தன. பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. கடலோர மாவட்டங்களில் 80,000-க்கும் மேற்பட்டோர் முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். செய்திக்குக் குறைவே இல்லை. தேநீர்க் கடையில் அமர்ந்து, துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்றும், பத்து இல்லையென்றால் பயமில்லை என்றும் பேசிக்கொண்டிருந்தோம். அந்தக் கூண்டு கப்பல்களுக்கானது என்பதும், 8, 9, 10 ஆகிய மூன்றும் பேராபத்தையே குறிக்கின்றன என்பதும், புயல் துறைமுகத்திற்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதில்தான் அவற்றிடையே வேறுபாடு என்பதும் பின்னர்தான் நமக்குத் தெரிந்தன.

அன்று வியாழக்கிழமை. வெள்ளி விடுமுறை என்பதால், வாரந்தோறும் வியாழன் மாலை நாம் வீடு திரும்பிவிடுவது வழக்கம். மதரஸா வீட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர். அன்று மற்றோர் உஸ்தாத் தம் ஊருக்குப் புறப்பட்டுவிட்டார். வெளியூர்ப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர் விடுதியில் இருந்தனர். அவர்களைச் சமையற்காரரிடம் மட்டும் விட்டுவிட்டு வர மனம் இடம் தரவில்லை. அங்கேயே தங்கினோம். அந்த முடிவில் இன்றளவும் நமக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் அதற்குப் பிறகு வந்த தொலைபேசி அழைப்பைப் பற்றியது.

இரவு எட்டரை மணி இருக்கும். முன்னெச்சரிக்கையாக மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்தது. நம் துணைவியார் அழைத்தார்.

“மாடிவீட்டு மாமி ஆள் விட்டிருக்காங்க. ராத்திரிக்கு அங்க வந்து இருங்கன்னு சொல்றாங்க. வாப்பாவையும் பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டுப் போயிரட்டுமா?”

நம்முடையது ஓட்டு வீடு. தாத்தா காலத்துச் சுவர், சீமை ஓடு, தேக்குக் கைமரங்கள். மாடிவீடு என்பது அடுத்த மனையில் மலேசியாவிலிருந்து திரும்பியவர் கட்டிய கான்கிரீட் வீடு. இரண்டு வீட்டுக்கும் இடையில் இருபதடி தூரம். நடுவில் ஒரு கிளுவை வேலி. அந்த வேலி நிற்கும் ஒன்றரை அடி நிலம் யாருடையது என்பதில் இரு குடும்பத்தாருக்கும் தகராறு. இரண்டு ஆண்டுகளாகப் பேச்சு வார்த்தை இல்லை. பெருநாளில்கூட ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மிதிக்கவில்லை. பள்ளிவாசலில் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுதுவிட்டு, ஸலாம் கொடுத்ததும் ஆளுக்கொரு திசையில் போய்விடுவோம். மார்க்கம் படித்துக் கொடுக்கும் நாமே அப்படித்தான் இருந்தோம்.

துணைவியாருக்கு நாம் சொன்ன விடை இது. “இருட்டில் வாப்பாவை எங்கே இழுத்துக்கொண்டு போவது? ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டு வீட்டிலேயே இருங்கள். அல்லாஹ் போதுமானவன். விடிந்ததும் வந்துவிடுகிறோம்.”

நாவில் தவக்குல் இருந்தது. நெஞ்சில் இருந்தது வேலி. அவர்கள் வீட்டில் போய் ஓர் இரவு ஒதுங்கினால் அந்த ஒன்றரை அடியை விட்டுக்கொடுத்தது போலாகிவிடுமே என்ற கணக்கு. அன்று கேட்டிருந்தால் அப்படியெல்லாம் இல்லை என்று மறுத்திருப்போம். பிடிவாதத்திற்கு இறைநம்பிக்கையின் பெயரைச் சூட்டிவிட்டால் அதை யாராலும் கேள்வி கேட்க முடிவதில்லை, சூட்டியவனாலும் முடிவதில்லை. துணைவியார் மறுவார்த்தை பேசவில்லை. சரி என்று வைத்துவிட்டார். பதினொரு மணிக்கு மேல் கைப்பேசியில் தொடர்பு அறவே அற்றுப்போயிற்று.

கஜா நவம்பர் 16 அதிகாலை, நள்ளிரவைக் கடந்த சிறிது நேரத்தில், நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல் என்று வானிலை மையம் பதிவு செய்திருக்கிறது. அது உள்நாட்டை நோக்கி மேற்கே நகர்ந்து நம் பகுதிக்கு வந்தபோது மணி இரண்டரையைத் தாண்டியிருக்கும். மதரஸாவின் மாடி அறைகளிலிருந்து பிள்ளைகளைக் கீழ்த்தளத்தின் நடுக்கூடத்திற்கு இறக்கி, சன்னல்களுக்கு எதிரே பாய்களையும் பெஞ்சுகளையும் அடுக்கினோம். பிள்ளைகள் ஓதிக்கொண்டே இருந்தார்கள். கருமேகத்தையும் பெருங்காற்றையும் கண்டால் நபிகளாரின் முகமே மாறிவிடும், உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதை எத்தனையோ முறை பாடமாக நடத்தியிருக்கிறோம். அந்த இரவில்தான் அதன் பொருள் விளங்கிற்று. அவர்களைவிடவா நமக்குத் தவக்குல் அதிகம்?

பிள்ளைகளுக்கு ஒரு கீறலும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

விடிந்து, காற்று அடங்கத் தொடங்கியதும் சமையற்காரரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டோம். ஏழு கிலோமீட்டரைக் கடக்க ஐந்து மணி நேரம் ஆயிற்று. சாலை என்று ஒன்று இருக்கவில்லை. தென்னைகள் ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரே திசை பார்த்துக் கிடந்தன. மின்கம்பங்கள் இடுப்பொடிந்து கிடந்தன. அந்தப் புயலில் 1 லட்சத்திற்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன என்று பிறகு படித்தோம். நாம் தாண்டி வந்தவற்றை எண்ணத் தொடங்கி இடையிலேயே விட்டுவிட்டோம். அங்கங்கே அரிவாளும் கோடரியுமாக மக்கள் வழி வெட்டிக்கொண்டிருந்தனர். முப்பது ஆண்டுத் தென்னை அது. ஒரு பெரியவர் அதன் மேலே அமர்ந்து ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டை அடைந்தபோது முன்கூடத்தின் கூரை தரையில் கிடந்தது. மேற்குச் சுவர் இல்லை. உள்ளே எவரும் இல்லை. அந்த நேரத்து நிலையை எழுத வேண்டாம் என்று விட்டுவிடுகிறோம்.

மாடிவீட்டுத் திண்ணையிலிருந்து இளைய மகள்தான் குரல் கொடுத்தாள். எல்லோரும் அங்கே இருந்தனர். அதிகாலை மூன்று மணியளவில் கூரை சரியும் சத்தம் கேட்டு அந்த வீட்டுக்காரரும் அவர் மகனும், அந்தக் காற்றிலேயே, வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். கொல்லைக் கதவை உடைத்து உள்ளே நுழைந்து, பிள்ளைகளைப் போர்வையில் சுற்றித் தூக்கிப் போய், மறுபடி வந்து வாப்பாவைச் சுமந்து சென்றிருக்கிறார்கள். வாப்பாவின் வலத்தோளில் கைமரம் விழுந்திருந்தது. மருத்துவமனைக்கு அவரைக் கொண்டு சேர்க்க அன்று மாலையாகிவிட்டது. எலும்பு கூடியது. ஆனால் தக்பீருக்கு வலக்கையைக் காதளவு உயர்த்த அவரால் பிறகு இயலவில்லை. மூன்று ஆண்டுகள், வஃபாத்தாகும் வரை, இடக்கையை மட்டும் உயர்த்தித் தொழுதார். நாம் பக்கத்தில் நின்றே தொழுதோம்.

வாப்பா நம்மை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. “அவன் வந்து தூக்குனான்டா” என்று மட்டும் சிலமுறை சொன்னார். துணைவியார் சொன்னதும் குற்றச்சாட்டாக அன்று. கணக்குச் சொல்வது போலத்தான். “நீங்க போங்கன்னு சொல்லியிருந்தா ஒம்போது மணிக்கே போயிருப்போம்.”

அந்த வாக்கியத்தை நெடுநாள் யோசித்திருக்கிறோம். அவருக்கு அறிவு குறைவில்லை. ஓட்டு வீடு தாங்காது என்று அவருக்குத் தெரியும், பக்கத்தில் பாதுகாப்பான வீடு இருந்தது, அழைப்பும் வந்திருந்தது. இல்லாதிருந்தது அனுமதி ஒன்றே. அதைத் தர வேண்டியவர் ஏழு கிலோமீட்டருக்கு அப்பால், வீட்டின் நிலையைக் காணாதவராய் இருந்தார்.

நம் பகுதியில் இது ஒரு வீட்டுக் கதையன்று. ஜித்தாவிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் கணவர். ஊரில் மனைவி, பிள்ளைகள், முதிய பெற்றோர். சமையல் எரிவாயு முதல் மகளின் சம்பந்தம் வரை தொலைபேசியிலேயே முடிவாகிறது. கஜாவிற்குப் பிறகு நான்கைந்து நாட்கள் அந்தத் தொலைபேசி வேலை செய்யவில்லை. கோபுரங்கள் விழுந்துவிட்டன, விழாதவற்றுக்கு மின்சாரம் இல்லை. அங்கே கணவர்கள் தூக்கமின்றித் தவித்தார்கள், இங்கே மனைவியர் எதையும் முடிவெடுக்கத் தயங்கி நின்றார்கள். மரம் வெட்ட வந்தவன் கேட்ட கூலியைக் கொடுப்பதா, நகையை வைத்துக் கூரை போடுவதா, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தாய்வீடு போவதா என்று அவரைக் கேட்க வேண்டும், அவரைக் கேட்க வேண்டும் என்ற பேச்சுதான். உயிருக்கு ஆபத்து நேரும்போது எவருடைய அனுமதிக்காகவும் காத்திருக்க மார்க்கம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. நிர்ப்பந்த நிலையில் விலக்கப்பட்டதே ஆகுமாகிறது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. ஆனால் பல ஆண்டுப் பழக்கத்தைச் சட்டவிதி ஒரே இரவில் மாற்றிவிடாது. ஆகவே அந்த அனுமதியை மழைக்காலத்திற்கு முன்பே, வாய் திறந்து, வீட்டில் எல்லோரும் கேட்கும்படி சொல்லிவைக்க வேண்டும். “நான் இல்லாதபோது நீ எடுப்பதே முடிவு. பிறகு கேள்வி கேட்க மாட்டேன்” என்று சொல்ல வேண்டும். டார்ச் விளக்கு அதற்கு அடுத்துதான்.

டார்ச் விளக்கையும் இகழ்ந்துவிட முடியாது. நம் தெருவுக்கு மின்சாரம் திரும்ப 29 நாட்கள் ஆயின. அந்த நாட்களில் பட்ட இடர்களுள் பெரியது இருள் அன்று, தண்ணீர். ஊரில் மேல்நிலைத் தொட்டி இருக்கிறது. அதற்கு நீரேற்ற மோட்டார் வேண்டும். மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும். வீட்டுக்கு வீடு ஆழ்துளைக் கிணறு வந்த பிறகு, கைப்பம்புகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டோம். ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிவந்து மணிக் கணக்கில் வாடகை வாங்கித் தண்ணீர் ஏற்றித் தந்தார்கள். அதற்கும் வரிசை.

நம் பள்ளிவாசலில் முன்பு ஹவுல் இருந்தது. அதற்கு நீர் தர ஒரு கிணறும் இருந்தது. ஒளூச் செய்யக் குழாய்கள் வைத்தபோது ஹவுலைத் தூர்த்துத் தளம் போட்டோம்; கிணற்றைக் கான்கிரீட் பலகையால் மூடினோம். சுத்தமாக இருக்கிறது என்று எல்லோரும் பாராட்டினார்கள். கஜா கடந்த மூன்றாம் நாள் ஜமாஅத் இளைஞர்கள் கடப்பாரை கொண்டுவந்து அந்தப் பலகையை உடைத்தனர். நீர் இருந்தது. இரண்டு நாள் இறைத்து ஊற்றி, பிளீச்சிங் தூள் இட்டு, காய்ச்சிக் குடிக்கச் சொல்லி ஊருக்கே திறந்துவிட்டோம். தெற்குத் தெருவிலிருந்தும் காலனியிலிருந்தும் சகோதர சமயத்துப் பெண்கள் குடத்துடன் வந்தார்கள். பள்ளிவாசல் வளாகத்தில் பொங்கிய கஞ்சியும் அப்படியே எல்லோருக்குமானதாக இருந்தது. அந்தக் கிணற்றுக்கு இப்போது இரும்புக் கம்பி வலை, உருளை, கயிறு எல்லாம் உண்டு. ஆண்டுக்கொரு முறை தூர் வாருகிறோம். ஹவுலைத்தான் மீட்க முடியவில்லை. உங்கள் ஊரில் இன்னும் ஹவுலோ கிணறோ இருந்தால், அழகுக்காக அதை மூட வேண்டாம் என்று நிர்வாகிகளிடம் சொல்லிப் பாருங்கள்.

வாப்பாவுக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் குளிர்பெட்டியில் இருந்தது. பெட்டி அன்றிரவே ஓய்ந்துவிட்டது. மாடிவீட்டு மாமிதான் ஒரு வழி சொன்னார். அகன்ற மண்சட்டியில் மணலைப் பரப்பி நனைத்து, அதன் நடுவில் சிறு பானையை வைத்து, குப்பிகளை ஈரம் படாதபடி உறையிலிட்டு அதற்குள் வைத்து, ஈரத்துணியால் மூடினார். காற்றோட்டமான நிழலில் வைத்து மணலை உலரவிடாமல் பார்த்துக்கொண்டோம். குளிர்பெட்டி அளவுக்குக் குளிராது; வெயில் கொளுத்தும் வேளையில் மருந்து சூடேறாமல் காக்கும். பயன்பாட்டில் இருக்கும் குப்பியைப் பொதுவாக ஏறக்குறைய நான்கு வாரம் வரை குளிர்பெட்டிக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம் என்றும், அதுவும் மருந்துக்கு மருந்து வேறுபடும் என்றும் மருத்துவர் பிறகு விளக்கினார். உங்கள் வீட்டில் இன்சுலின் எடுப்பவர் இருந்தால் அந்தக் கேள்வியை இப்போதே மருத்துவரிடம் கேட்டு, விடையைக் குறித்து வையுங்கள். புயலன்று கேட்க அவரும் கிடைக்க மாட்டார்.

ரொக்கம் பற்றியும் ஒரு சொல். வங்கிக் கணக்கில் பணம் இருந்தும் அரிசி வாங்க முடியாத நிலையை அன்று பார்த்தோம். ஏடிஎம்கள் செயலிழந்தன. மெழுகுவத்தி விலை ஏறிற்று. ஏற்றியவர்களில் நம்மவர்களும் உண்டு, மறைக்க என்ன இருக்கிறது. இப்போது ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் மூவாயிரம் ரூபாயை நூறும் ஐம்பதுமாக மாற்றி ஓர் உறையில் இடுகிறோம். அதனுடன் குடும்ப அட்டை, ஆதார், வீட்டுப் பத்திரம், பட்டா, பாஸ்போர்ட், மருந்துச் சீட்டு ஆகியவற்றின் நகல்களைத் தடித்த பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடிபோட்ட வாளிக்குள் வைக்கிறோம். நிவாரணத்திற்கு மனுக் கொடுக்கச் சென்றபோது, பத்திரம் நனைந்து கூழாகிப்போனவர்கள் அலைந்த அலைச்சலைக் கண்ட பின் வந்த பழக்கம் இது. வாளி எங்கே இருக்கிறது என்பது இரு மகள்களுக்கும் தெரியும். முன்பு அலமாரிச் சாவி நம் இடுப்பில்தான் இருந்தது!

மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலி ஒன்றும் வாங்கியிருக்கிறோம். கைப்பேசி ஓய்ந்த பிறகும் திருச்சி வானொலியும் காரைக்கால் பண்பலையும் பேசும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணை மகள்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். உறங்கும் முன் விளக்கை அணைக்கவும் பாத்திரங்களை மூடவும் கதவைத் தாழிடவும் நபியவர்கள் கற்பித்ததைப் பிள்ளைகளுக்கு ஹதீஸ் பாடமாக நடத்துகிறோமே, அந்தப் பாடத்தில் மழைக்காலத்திற்கென இவற்றையும் சேர்த்தே சொல்கிறோம். எலி திரியை இழுத்துப் போய் வீட்டை எரித்துவிடும் என்று அங்கே எச்சரிக்கை இருக்கிறது. எரிவாயு உருளையின் வாயை மூடச் சொல்வதற்கு வேறு ஆதாரம் தேட வேண்டுமா?

ஜமாஅத்தில் ஒரு விஷயம் மட்டும் எளிதில் முடியவில்லை. மழையும் காற்றும் மிகுந்த இரவில், இருப்பிடங்களிலேயே தொழுதுகொள்ளும்படி பாங்கில் அறிவிக்க நபியவர்கள் ஏற்பாடு செய்திருந்தது ஸஹீஹான நூல்களில் உள்ளது. சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில் நம் பள்ளியிலும் அப்படி அறிவிக்கலாமே என்றோம். பள்ளிக்கு வராதே என்று பள்ளியிலிருந்தே சொல்வதா என்று பெரியவர்கள் இருவர் கோபித்துக்கொண்டனர். மூன்று கூட்டம் ஆயிற்று. இறுதியில் ஒப்புக்கொண்டனர். ஒலிபெருக்கிக்கு மின்சாரம் இராதே என்ற கேள்வி வந்தபோது மோதினார் பரணிலிருந்து பழைய நகராவை இறக்கினார். ஒரு காலத்தில் ஸஹருக்கு ஊரை எழுப்பிய நகரா. இப்போது அதற்கு ஒரு முறை வகுத்திருக்கிறோம்: விட்டுவிட்டு அடித்தால் ஓட்டு வீட்டார், கூரை வீட்டார் அனைவரும் கான்கிரீட் வீடுகளுக்கோ பள்ளிவாசலுக்கோ வந்துவிட வேண்டும். காற்று திடீரென ஓய்ந்தாலும், மறுபடி நகரா ஒலிக்கும் வரை எவரும் வெளியேறக் கூடாது. புயலின் கண் கடக்கும்போது அப்படித்தான் ஓயும். பிறகு எதிர்த்திசையிலிருந்து அடிக்கும்.

2020 டிசம்பரில் புரெவி வந்தது. அஸருக்கே நகரா அடித்தார்கள். வாப்பா தம் முஸல்லாவையும் மருந்துப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு, யாரும் சொல்வதற்கு முன்பே மாடிவீட்டுக்குப் போய்விட்டார். அந்தப் புயல் மன்னார் வளைகுடாவிலேயே வலுவிழந்து நின்றுவிட்டது. மழைதான் கொட்டிற்று, நம் ஓட்டில் ஓர் ஓடுகூட நகரவில்லை. வீண் வேலை என்று சிலர் சிரித்தார்கள். வாப்பாவோ இரவெல்லாம் மாடிவீட்டுக்காரரோடு 1952 புயலின் கதையைப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, காலையில் பசியாறிவிட்டுத்தான் வந்தார். வேலியைப் பற்றிக் கேட்பீர்கள். கஜா வந்தவுடன் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது உண்மையாகாது. மூன்று மாதம் இழுத்தது. நில அளவையர் வந்தார். இருவரும் ஒருமுறை குரல் உயர்த்தியும் பேசினோம். பிறகு ஆளுக்கு முக்கால் அடி என்று முடித்துக்கொண்டு, வேலியில் ஒரு படல் வைத்தோம். அதற்குப் பூட்டு இல்லை.

நம் வீட்டு அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. எவ்வெப்போது எங்கே போவது, யார் வாப்பாவைப் பிடித்துக்கொள்வது, யார் வாளியை எடுப்பது என்று துணைவியாரின் கையெழுத்தில் இருக்கும். வாப்பாவின் பெயரை இன்னும் அடிக்கவில்லை. முதல் வரி, மதரஸாவிலிருந்து ஆள் வரும் வரை காத்திருக்க வேண்டாம் என்பது. அதற்கு நேரே நம் கையொப்பம் இருக்கிறது.

மக்தப் பிள்ளைகளிடமும் இப்படி ஒரு தாள் எழுதி வரச் சொல்லியிருந்தோம். பதினெட்டு தாள்கள் வந்துவிட்டன. டார்ச் விளக்கு எதற்கு என்று கேட்டவனுடைய தாள் மட்டும் வரவில்லை. அவர்களுடையதும் ஓட்டு வீடுதான். “வாப்பாகிட்டக் கேட்டுட்டுத்தான் எழுதணும்னு உம்மா சொன்னாங்க ஹஜ்ரத்” என்றான். அவனுடைய வாப்பா நம்மிடம் ஓதியவர். எண்ணை வாங்கி வைத்திருக்கிறோம். இன்று இஷாவுக்குப் பிறகு ரியாதுக்கு அழைக்க வேண்டும்.